தாழ்வு மனப்பான்மையும் தாய்மாமன் வெற்றிலையும்

கோவில்பட்டி,
4-2-1979

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

சோலைராஜ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், தங்கள் தங்கை இசக்கியும், தங்கள் மருமகள் வெயிலுகந்தம்மாளும் சுகம். சிங்காநல்லூரில் தாங்களும் சுப்புத்தாய் அக்காவும் மருமகன் மாடக்கண்ணுவும் சுகந்தானே?

பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கும் வெயிலு, பயிற்சிக்காக ஒரு மாதம் இங்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாள். வரும்போது துணிமணியோடு ஒரு வார்த்தையையும் கொண்டுவந்துவிட்டாள். இன்ஃபீரியாரிட்டி காம்ப்ளெக்ஸாம். தமிழில் தாழ்வு மனப்பான்மை. மனோதத்துவப் பாடத்தில் வருகிறதாம். வந்து இறங்கிய அன்று மத்தியானத்துக்குள் எங்கள் தெருவில் மூன்று பேருக்கு அது இருப்பதாகக் கண்டுபிடித்துவிட்டாள். எதிர்வீட்டு எபநேசர் சார் சித்திரை வெயிலிலும் கோட்டுப் போடுவது அதனால்தானாம். பால்காரர் யாரையும் நிமிர்ந்து பார்க்காததும் அதனால்தானாம். பாலில் இருக்கும் தண்ணீரால் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

மூன்றாவது ஆள் நான்.

"ஏன்ப்பா, கல்யாண வீட்டுல எப்பவும் கடைசிப் பந்தியிலயே உக்காருதிய?"

"மைக் செட்டுக்காரன் முதப் பந்தியில உக்காந்தா இசைத்தட்ட யாருட்டி மாத்துவா?"

"பாத்தியளா, உடனே காரணம் சொல்லுதிய. இதுதான்ப்பா முதல் அறிகுறி."

இருபது வருஷமாய் ஊர் விசேஷத்துக்கெல்லாம் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, நாலு ஊர் கேட்கப் பேசுகிறவன் நான், எனக்கா தாழ்வு என்று கேட்டேன். பெருமை பேசுவது இரண்டாவது அறிகுறி என்றாள். பேசினாலும் மாட்டிக்கொள்கிறோம், பேசாவிட்டாலும் மாட்டிக்கொள்கிறோம். இப்படி ஒரு வியாதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் உண்டா?

மருமகனைப் பற்றி ஒரு வரி எழுதவும். வீட்டில் கேட்கிறார்கள்.

அக்காவுக்கு என் அன்பு.
தங்கள் சோலைராஜ்


சிங்காநல்லூர்,
19-2-1979

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

சிவனாண்டி எழுதியது. யாவரும் க்ஷேமம். அங்கும் அப்படியே என்று அறிந்து சந்தோஷம்.

மில்லில் சூப்பர்வைசர் எங்களைத் திட்டும் வார்த்தைகளில் தாங்கள் எழுதிய வார்த்தை இல்லை. ஆகையால் அந்த வியாதி இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

மாடக்கண்ணுக்கு ஃபவுண்டரியில் வேலை நிரந்தரமாகிவிட்டது. பம்புசெட்டுக்கு அச்சு வார்க்கிறான். சுத்தமான வேலைக்காரன் என்று முதலாளி சொல்கிறார். எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷ் மூன்றாம் தடவையும் போய்விட்டது. இனி எழுதப்போவதில்லை என்கிறான். வெயிலு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று வாசித்துக் காட்டியதும் ரொம்பச் சந்தோஷப்பட்டான். அன்று ஏனோ சரியாகச் சாப்பிடவில்லை.

தங்கைக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம்.
சிவனாண்டி


கோவில்பட்டி,
11-3-1979

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல். இசக்கிக்கு ஜலதோஷம் மட்டும்.

ஒரு முக்கியமான விஷயம். கயத்தாற்றிலிருந்து வெயிலுக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. தகப்பனார் அய்யாத்துரை என்று, லாரி வைத்திருக்கிறார். பையன் பி.காம்., கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மேஜை, நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி எல்லாம் உண்டு. மின்விசிறி ஓடுகிறதா என்று விசாரிக்கவில்லை.

தாங்கள் வெயிலுக்குத் தாய்மாமன். தங்கள் வீட்டில் முறைமாப்பிள்ளை இருக்கும்போது நம் ஆட்களில் யாரும் தானாகப் பெண்ணை வெளியே கொடுப்பதில்லை. தாய்மாமன் வந்து வெற்றிலை மாற்றி, 'விட்டுக்கொடுத்தேன்' என்று வாயால் சொன்னால்தான் வெளியாள் வாசற்படி ஏறலாம். ஆகையால் தங்கள் அபிப்பிராயம் தெரியவேண்டும்.

நமக்கு நடந்ததே பெண் கொடுத்துப் பெண் எடுத்த கல்யாணம். ஒரே பந்தல். மைத்துனன் மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டும் என்றார்கள். தங்களுக்கு நான் மைத்துனன், எனக்குத் தாங்கள் மைத்துனன். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து மண்டையை முட்டிக்கொண்டோம். நம் இருவரில் யார் மேல், யார் கீழ் என்பது அன்றோடு முடிவாகாமலே போயிற்று.

இதை எழுதும்போது இசக்கி பக்கத்தில் நின்று, "அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு வரி சேத்து எழுதுங்க" என்றாள். என்ன வரி என்று கேட்டேன். "ஒங்களுக்கே தெரியும்" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் காகிதத்தில் இடம் இல்லை.

கரிசலில் பருத்தி வெடித்துக் கிடக்கிறது. இந்த வருஷம் பசுவந்தனைப் பக்கம் நல்ல விளைச்சல், ஓட்டப்பிடாரம் பக்கம் சுமார். கொத்தமல்லியை எடுத்துவிட்டார்கள். எபநேசர் சார் கோட்டைச் சலவைக்குப் போட்டிருக்கிறார். ஊரே அவரை அடையாளம் தெரியாமல் தவிக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
சோலைராஜ்


சிங்காநல்லூர்,
22-4-1979

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

சுகம். சுகமறிய அவா. பதில் எழுத ஆறு வாரமாகிவிட்டது. மில்லில் வேலை அதிகம். பொறுத்துக்கொள்ளவும்.

கயத்தாறு நல்ல இடமாகத் தெரிகிறது. படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளைதான் பொருத்தம். எனக்கு ஆட்சேபணை இல்லை. வைகாசியில் வந்து வெற்றிலை மாற்றுகிறேன். தாய்மாமன் சீராகப் பட்டுச்சேலை எடுத்துவிட்டேன். மாம்பழ நிறம். மாடக்கண்ணுதான் கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தான்.

சுப்புத்தாய் நாலு நாளாய் என்னோடு பேசவில்லை. காரணம் தெரியவில்லை.

சிவனாண்டி


கோவில்பட்டி,
30-4-1979

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

எல்லாரும் நலமே. தங்கள் கடிதம் கிடைத்து மிக்க சந்தோஷம். எவ்வளவு சந்தோஷம் என்றால், வாசித்துவிட்டு ரேடியோ ரிப்பேருக்கு உட்கார்ந்தவன் ஒரு வால்வை உடைத்துவிட்டேன்.

'ஆட்சேபணை இல்லை' என்பதற்கு முன்னால் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்த வேகத்தில் இன்லண்ட் தாளே கிழிந்திருக்கிறது. இசக்கி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அரைமணி நேரம் பார்த்தாள். ஒன்றும் புலப்படவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோற்றைக் கீழே வைக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது. தங்கள் வீட்டிலும் இங்கேயும் இரண்டு பெண்களும் காரணம் சொல்லாமல் கோபித்திருக்கிறார்கள். அண்ணனும் தங்கையும் ஒரு ஜாடை என்பார்கள். மதினிமாரும் ஒரு ஜாடைதான் போலிருக்கிறது.

அய்யாத்துரை நேரில் வந்தார். வீட்டிலுள்ள ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு நான் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்தேன். பரீட்சை முடித்து வந்திருக்கும் வெயிலு உள்ளேயிருந்து என்னைப் பார்த்தாள். அந்த வார்த்தையைக் கண்ணாலேயே சொல்லிவிட்டாள். 'பெண்ணைப் பெற்றவன் நாற்காலியில் உட்கார்ந்தால் உலகம் தாங்காதடி' என்று நானும் கண்ணாலேயே சொன்னேன்.

புதியம்புத்தூர்ச் சட்டை வியாபாரி சாமுவேல்ராஜ் துணி எடுக்கக் கோயம்புத்தூர் போய் வந்தார். "ஃபவுண்டரி மொதலாளி வீட்டுச் சொந்தத்துலயே மாடக்கண்ணுக்குப் பொண்ணு பேசுதாவளாம்லா?" என்று கேட்டார். பெரிய இடம். எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் சந்தோஷந்தான்.

சோலைராஜ்


சிங்காநல்லூர்,
27-5-1979

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

நலம். முழங்கால் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் ஏற முடியாது. வைகாசியில் வர இயலவில்லை.

சாமுவேல்ராஜ் சொன்னது பெரிய இடத்துப் பேச்சு. பெரிய இடத்துப் பேச்சில் நாம் என்ன சொல்ல இருக்கிறது.

மருமகளின் பரீட்சை முடிவு வந்ததும் எழுதவும்.

சிவனாண்டி


கோவில்பட்டி,
17-6-1979

அத்தான் அவர்களுக்கு,

நாங்கள் நலம். தங்கள் முழங்காலும் நலமாகட்டும்.

வெயிலு முதல் வகுப்பில் தேறிவிட்டாள். வீட்டில் யாரும் பாயசம் வைக்கவில்லை.

முதலில் மில் வேலை என்றீர்கள். அடுத்து முழங்கால். நேற்று வந்த கார்டில் லீவு இல்லை என்றிருக்கிறது. அந்தக் கார்டில் நலம் விசாரிக்கக்கூட இல்லை. இனி மில்லுக்கு முழங்கால் வலிக்கிறது என்று எழுதுவீர்களோ என்று காத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் மைக் பிடிக்கிறவன் வீட்டுக்கு எதற்கு வரவேண்டும் என்று தோன்றிவிட்டதா? தோன்றட்டும். ஃபவுண்டரி சம்பந்தம் வரப்போகிறவர்களுக்கு எங்கள் வாசல் உயரம் போதாதுதான்.

கயத்தாற்றில் ஆடிக்கு முன்னால் முடிவு தெரியவேண்டும் என்கிறார்கள். நியாயந்தானே? மூன்று மாதமாய்ப் பொறுத்திருக்கிறார்கள். தங்களால் வர முடியாவிட்டால் சேலையையும் வெற்றிலையையும் பார்சலில் அனுப்பிவிடுங்கள். தங்கள் கை வந்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சோலைராஜ்


கோவில்பட்டி,
2-7-1979

அன்பும் மரியாதையும் உள்ள அத்தைக்கு,

வெயிலுகந்தம்மாள் எழுதுவது. நான் நலம். அத்தையின் கண் எரிச்சல் குறைந்ததா? மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும்.

போன வியாழக்கிழமை பார்சல் வந்தது. அப்பா பிரித்தார். மேலே மாம்பழ நிறச் சேலை. அடியில் வெற்றிலைக் கட்டு. அப்பா கையில் எடுத்ததும் அப்பளமாய் நொறுங்கியது.

"என்னட்டி இது! வெத்தலையா, பீடி இலையா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். "தொடாதிய! சருகு வெத்தலைய வச்சி எம் பிள்ளைய விட்டுக்குடுக்க முடியாது. கயத்தாத்துக்குச் சொல்லிருங்க."

"தபால்ல வந்தா காயத்தாம்ட்டி செய்யும்."

"தபால்ல அனுப்பச் சொன்னது யாரு?"

அப்பா நொறுங்கிய வெற்றிலையைப் பொறுக்கிப் பார்சல் தாளிலேயே மடித்தார். மறுநாள் கயத்தாறு போனார். சண்டை வருமென்று பயந்துதான் போனார். "தாய்மாமன் மனசு காஞ்சி வார பொண்ணு எங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி? ரெண்டு வீட்டுக்கும் நல்லதுதான். காப்பியக் குடிச்சிட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டாராம் லாரிக்காரர். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, கூடத்தில் அங்குமிங்கும் நடந்தார். பாட்டு முணுமுணுத்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் இருமினார்.

அத்தை, பாடப் புத்தகத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். முன்னே பாதிதான் படித்திருந்தேன் போல. இன்னொருவர் நம்மைவிட மேல் என்று தோன்றுவது எல்லாருக்கும் உண்டாம். அது இருப்பதால்தான் பிள்ளை நடக்கவே கற்றுக்கொள்கிறதாம். அது வியாதி இல்லை. அதை யாருக்கும் தெரியாமல் மூடப்போய், ஒருவர் நாலு மாதம் வேடிக்கையாய் எழுதுவதும், இன்னொருவர் நாலு மாதம் முழங்காலைக் காட்டுவதும்தான் வியாதி.

தெருவில் எல்லாருக்கும் அந்த வார்த்தையைச் சூட்டினேன். ஒருத்தியை விட்டுவிட்டேன். இந்த வருஷம் பொங்கலுக்கு மாடக்கண்ணு அத்தான் இங்கிலீஷில் வாழ்த்து எழுதி அனுப்பினார்கள். அதிலிருந்த பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். விளையாட்டு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வரியும் வரவில்லை. 'இவளுக்குப் படிப்புத் திமிர், நமக்கு வேண்டாம்' என்று நினைத்துவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து, வாயை மூடிக்கொண்டேன். கயத்தாற்றுக்காரர்கள் வந்தபோதும் மூடியேதான் இருந்தேன். பி.எட். சேர்ந்தபோது அத்தான் இரும்பில் வார்த்துக் கொடுத்த பேப்பர் வெயிட் இன்னமும் என் பாடக்குறிப்புகளின் மேல்தான் இருக்கிறது.

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. இதை உங்களுக்கு யார் வாசித்துக் காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்பு மருமகள்,
வெயிலு


சிங்காநல்லூர்,
7-7-1979

தம்பி சோலைராஜுக்கு,

உன் அக்கா சுப்புத்தாய் சொல்லச் சொல்ல மாடக்கண்ணு எழுதுவது. அம்மா பேசுகிறபடியே எழுதச் சொல்கிறாள், மாமா. ஒரு வார்த்தை குறைந்தாலும் சோறு கிடையாதாம்.

ஏலே தம்பி, நல்லா இருக்கியா? இசக்கி நல்லா இருக்காளா? நாங்க இருக்கோம்.

வெத்தல தபால்ல காயல. நான்தாம்லே காய வச்சேன். பார்சல் கட்டுறதுக்கு முன்ன மூணு நாளு ஓட்டு மேல போட்டு வச்சேன். உங்க அத்தான் மில்லுக்குப் போயிருந்தாவ. சருகு வெத்தலையப் பாத்தா இசக்கி விடமாட்டான்னு எனக்குத் தெரியும். அவளும் நானும் ஒரே பந்தல்ல தாலி வாங்குனவளுவ.

மொதலாளி வீட்டுல பொண்ணுமில்ல, பேச்சுமில்ல. சாமுவேல்ராஜ் யாருகிட்டயோ கேட்டுட்டு வந்து உளறியிருக்கான். இல்லன்னு எழுதுங்கன்னா உங்க அத்தான் எழுதமாட்டேன்னுட்டாவ. "மாப்ள அப்பிடியாது எம் பையன மதிக்கட்டும்"ங்காவ. அன்னைக்கு அடிச்ச வரி என்ன தெரியுமா? 'வெயிலை எங்களுக்குத் தரமாட்டீர்களா'ன்னுதான் எழுதுனாவ. எழுதிட்டு, "நம்ம பய எஸ்.எஸ்.எல்.சி.யே தாண்டல, அவ வாத்தியாரு. எந்த மூஞ்சிய வச்சிக் கேக்க?"ன்னு அடிச்சாவ.

நீயும் லேசுப்பட்டவன் இல்ல. கேப்பாவளான்னு பாத்துக்கிட்டே கேலி எழுதிக்கிட்டுக் கெடந்திருக்க.

நான் கேட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். கேக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை உங்க அத்தான மட்டும் பஸ் ஏத்தி அனுப்புதேன். அவிய வாயால கேக்கட்டும். நீ உன் வாயால சொல்லு.

(மாமா, அம்மா சொன்னது இவ்வளவுதான். இது நானாக எழுதுவது: சிவப்பு மைக்குக் கோபம் இல்லை. கூச்சம். திருத்திய அட்டையைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். இதை வெயிலுவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லவும். தமிழில் பிழை இருந்தாலும் திருத்தலாம்.)


கோவில்பட்டி,
13-7-1979, வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகன் மாடக்கண்ணுவே, இதை உன் அம்மாவுக்குச் சத்தமாய் வாசித்துக் காட்டு. கூச்சம் வருகிற இடத்தில் தண்ணீர் குடித்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். இப்படி ஒரு நலம் எனக்கு நாலு மாதமாய் இல்லை.

அத்தான் காலை எட்டு மணிக்கே வந்து இறங்கினார்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி. "நீங்க உக்காருங்க மாப்ள", "நீங்க உக்காருங்க அத்தான்" என்று கொஞ்ச நேரம் நின்றோம். கடைசியில் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தோம். மில்லைப் பற்றிப் பேசினார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் தோளில் தூங்கி விழுந்ததைப் பேசினார்கள். இரண்டு காப்பி ஆயிற்று. கதவோரம் இசக்கியின் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மாப்ள..."

"சொல்லுங்க அத்தான்."

"கரிசல்ல மழை உண்டா?"

"மூணாவது தடவை கேக்கிய அத்தான்."

வெயிலு வெளியே வந்துவிட்டாள். "மாமா, அதுக்கு நான் பதில் சொல்லுதேன். மழை இல்ல. அடுத்த கேள்விய கேளுங்க."

அத்தான் அவளைப் பார்த்தார்கள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டார்கள். நானும் எழுந்தேன். "மாப்ள, எம் பையன் ரொம்பப் படிக்கல. ஆனா நல்லவன். வெயில எங்க வீட்டுக்குத் தருவியளா?" என்று கேட்டார்கள். கேட்டு முடித்ததும், இனி யார் என்ன சொன்னாலும் பரவாயில்லை என்பதுபோல ஒரு மூச்சு விட்டார்கள், அக்கா. அந்த மூச்சை நான் மறக்கமாட்டேன்.

பதில் சொல்ல வேண்டியவன் நான். எவ்வளவோ வேடிக்கையான பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்தேன். தூசியாக இருக்கும்.

இசக்கி வெளியே வந்தாள். "அண்ணாச்சி, இவிய இதக் கேக்கத்தான் மாசிலருந்து காத்துக் கெடந்தாவ. இப்ப அழுதுக்கிட்டு நிக்காவ. சரின்னு நான் சொல்லுதேன்" என்றாள். வெயிலு, "வேலைக்குப் போவேன் மாமா, அத இப்பவே சொல்லிருதேன்" என்றாள். "போ தாயி, எங்க பக்கமும் பள்ளிக்கூடம் உண்டு" என்றார்கள் அத்தான். ஆவணியில் முகூர்த்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இதை எழுதும்போது மணி பகல் இரண்டு. அத்தான் சாப்பிட்டுவிட்டு, சும்மா ஐந்து நிமிஷம் என்று என் பக்கத்தில் பாயில் சாய்ந்தார்கள். குறட்டை தெருமுனை வரை போகிறது. எபநேசர் சார் என்னமோ ஏதோ என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மூன்று மணி பஸ்ஸுக்கு எழுப்பச் சொன்னார்கள். இசக்கி எழுப்பக் கூடாது என்கிறாள். எனக்கும் மனசு வரவில்லை. நாளைக்குத்தான் அனுப்புவேன், இந்தக் கடிதமும் அவர்கள் கையில்தான் வரும்; இன்று ராத்திரி தேடியிருந்தால் பொறுத்துக்கொள்.

தூக்கம் எனக்கும் வருகிறது. நிறுத்துகிறேன்.

உன் தம்பி,
சோலைராஜ்